தோல் நாண்: முத்துப்பட்டன் கதையில் குடும்பம், இசை, தெரிவு

1

குடுமியை அறுத்து, பூணூலைக் கழற்றி, செருப்புத் தைத்துக் காட்டினால்தான் பெண் தருவேன் என்று ஒரு பிராமணப் பிள்ளையிடம் சொல்கிறார் பெண்களின் அப்பன். பிள்ளை தைத்துக் காட்டுகிறான். முத்துப்பட்டன் கதையின் நெஞ்சு இந்த இடம்தான். இதே கதையின் வேறு சில வடிவங்கள் இன்னொன்றையும் சொல்கின்றன: அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணப் பெண்களே, காட்டில் கிடந்த குழந்தைகளை வாலப்பகடை எடுத்து வளர்த்தார், அவ்வளவுதான் என்று. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அப்படியானால் பட்டன் செருப்புத் தைத்தது எதற்கு? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு கதையை ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தென்மாவட்டத்துக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணன்மாரோடு பிணங்கி வீட்டை விட்டு வெளியேறிய முத்துப்பட்டன் கொட்டாரக்கரை அரசனிடம் வேலை பார்க்கிறான். அண்ணன்மார் தேடிக் கண்டுபிடித்து, கல்யாணம் பண்ணிவைக்க அவனைக் கூட்டிக்கொண்டு மலைவழியே திரும்புகிறார்கள். தண்ணீர் தேடிப் போனவன் காதில் இரண்டு பெண்கள் பாடும் பாட்டு விழுகிறது. பொம்மக்கா, திம்மக்கா, மலையடிவாரத்தில் மாட்டுக்கிடை காக்கும் வாலப்பகடையின் மக்கள். கதை அவர்களைப் பழைய சாதிப் பெயரால் சொல்லும். இன்று அருந்ததியர் என்கிறோம். அண்ணன்மார் தடுக்கிறார்கள், அடைத்து வைக்கிறார்கள். பட்டன் தப்பி வந்து நிபந்தனையை நிறைவேற்றி, அக்காள் தங்கை இருவரையும் மணக்கிறான். கட்டிய தாலியின் மஞ்சள் காயுமுன்னே மாடு பிடிக்க ஒரு கூட்டம் வருகிறது. சண்டையில் வென்றவனை, மறைந்திருந்த ஒருவன் முதுகில் குத்திக் கொல்கிறான். நாய் ஓடிவந்து சேதி சொல்கிறது. பெண்கள் சிங்கம்பட்டி அரசரிடம் அனுமதி வாங்கித் தீப்பாய்கிறார்கள்.

இன்று பாபநாசத்துக்கு மேலே, காரையாற்றில், சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டன் பட்டவராயனாக நிற்கிறான். பக்கத்தில் பொம்மக்காவும் திம்மக்காவும். நேர்ந்துகொண்டவர்கள் அவனுக்குக் கொடுப்பது தோல் செருப்பு. ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகக் காட்டில் குடில் போட்டுத் தங்கிக் கும்பிட்டுத் திரும்புகிறது தாமிரபரணிச் சீமை. கதையைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தவர் நா. வானமாமலை, மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக 1971இல் வந்தது.

2

இந்தக் கதையை நான் அண்மையில் மறுபடி எடுத்ததற்குக் காரணம் ஓர் அமெரிக்க நாவல். கெயில் ஃபோர்மன் 2009இல் எழுதிய 'இஃப் ஐ ஸ்டே'. இளம் வாசகர்களுக்கென்றே எழுதப்படும் வகையைச் சேர்ந்தது. 2014இல் திரைப்படமாகவும் வந்தது. மியா என்ற பதினேழு வயதுப் பெண் செல்லோ வாசிப்பவள். பனிக்காலத்துச் சாலை விபத்தில் அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் போய்விடுகிறார்கள். இவள் நினைவற்று ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உடம்புக்கு வெளியே நின்று தன்னையே பார்த்துக்கொண்டு, இருப்பதா போவதா என்று அவளே முடிவெடுக்க வேண்டும். போவதானால் போ அம்மா என்று தாத்தா விடை கொடுக்கிறார். காதலன் அவள் காதில் செல்லோ இசையை ஒலிக்க விடுகிறான். அவள் திரும்பி வருகிறாள்.

கண்ணீர் வரவழைக்கிற நாவல் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. குடும்பம், இசை, சாவு, தெரிவு என்ற நான்கையும் ஒரு பதினேழு வயதுக்காரியின் முன் வைத்து, நீ என்ன செய்வாய் என்று கேட்கிறது. நம்மிடம் இந்த வகை நாவல் இல்லையே என்று சிலர் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். நாவலாக இல்லை, உண்மைதான். ஆனால் திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அம்மன் கொடையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டு கேட்டது இதைத்தானே? வீட்டை மீறுவது, மனசுக்குப் பிடித்தவளோடு போவது, அதன் விலை, அகாலச் சாவு. பள்ளிக்கூடமும் பாடப்புத்தகமும் சொல்லாததை வில்லுப்பாட்டு சொன்னது. எம்.ஏ. வகுப்பில் அவலம் என்றால் எங்களுக்குச் சிலப்பதிகாரம்தான். பட்டன் கதையை யாரும் அந்தப் பெயரால் அழைக்கவில்லை.

இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் எனக்கு முக்கியம். மியாவின் தெரிவு அவள் மனசுக்குள்ளே நடக்கிறது. அவள் முடிவால் எந்த ஊர்க்கட்டும் உடையப்போவதில்லை. பட்டனின் தெரிவோ நாலு பேர் முன்னால் பேரம் பேசி, நிபந்தனை வைத்து, உடம்பில் செய்து காட்டி முடிக்கவேண்டிய ஒன்று. நம் ஊரில் தெரிவு என்பது தனிமனித விவகாரமாக இருந்ததே இல்லை.

3

இசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் அவலக் கதைகளில் பாட்டு வெறும் அலங்காரமில்லை. முடிச்சு விழுவதே அங்கேதான். கானல்வரியில் கோவலன் பாட, மாதவி பாட, ஒருவர் பாட்டை மற்றவர் வேறாகக் கேட்டதில் குடும்பம் கலைந்தது. பட்டன் கதையில் கண் பார்ப்பதற்கு முன்னே காது கேட்டுவிடுகிறது. உருவத்தில் ஆடை, அணி, சாதி அடையாளம் எல்லாம் இருக்கும். குரலில் அது உடனே தெரியாது. சாதியைப் பார்ப்பதற்குள் பாட்டில் விழுந்துவிட்டான் என்பதுதான் கதைசொல்லியின் சாமர்த்தியம்.

அடுத்தது வாத்தியம். வில், குடம், உடுக்கு, தாளம், கட்டை. நடுவில் புலவர் இரண்டு வீசுகோலால் வில்லை அடித்துப் பாட, மற்றவர்கள் இருபக்கமும் உட்கார்ந்து வாங்கிப் பாடுவார்கள். வில்லின் நாண் முறுக்கிய தோல். உடுக்கின் முகம் தோல். பட்டன் கையில் எடுத்த வேலையும் தோல். தோலைத் தொட்டவனைத் தள்ளிவைத்த சமூகம், தன் தெய்வங்களின் பிறப்பையும் இறப்பையும் கேட்பதற்குத் தோலிடமே வந்து உட்கார வேண்டியிருக்கிறது. இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை, பொருளாகவே அப்படித்தான்.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் கன்னியாகுமரிப் பகுதியில் களப்பணி செய்து 1988இல் வெளியிட்ட வில்லுப்பாட்டு பற்றிய நூல் ஒன்றைத் தெளிவாக்கியது. தெய்வங்களில் கயிலாயத்தில் பிறந்தவை உண்டு. மனுசராய்ப் பிறந்து வெட்டுப்பட்டுச் செத்துத் தெய்வமானவையும் உண்டு. இரண்டாம் வகைக் கதைகளுக்குச் சாவுதான் மையம். சாவைப் பாடுகிற இடத்தில் வில்லும் உடுக்கும் வேகம் கொள்ள, சாமியாடிக்கு அருள் வரும். செத்தவன் வந்து நிற்பான். மியாவின் காதில் ஒலித்த செல்லோ சாகப்போனவளை வாழ்வுக்கு இழுத்தது. வில்லோ செத்தவனையே ஊர் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அங்கே ஒருத்தி பிழைக்கிறாள். இங்கே, கொன்ற ஊர் கொல்லப்பட்டவன் முகத்தைப் பார்த்தாக வேண்டும். காணிக்கை வாங்கிக்கொண்டு சமாதானமாகிவிடுகிறதே சாமி என்று நண்பர்கள் கேட்கலாம். ஆமாம், வாழி பாடித்தான் முடிப்பார்கள். ஆனாலும் வருசா வருசம் திரும்பக் கூப்பிட வேண்டியிருக்கிறதே, அது தீராத கணக்குதானே?

4

கதையில் இரண்டு குடும்பங்கள். அண்ணன்மார் வில்லர்கள் இல்லை. தம்பியைக் காணோம் என்று ஊர் ஊராகத் தேடியவர்கள். தேடிய அதே பாசம்தான் அவனைப் பூட்டியும் வைக்கிறது. குடும்பம் என்ற நிறுவனத்தைப் பற்றி இதற்குமேல் கோட்பாட்டு நூல் என்ன சொல்லிவிடப் போகிறது? சாதி வெளியிலிருந்து ஏவப்படுவதில்லை. சோறு போடுகிற கை வழியாகவே வருகிறது.

வாலப்பகடையின் வீடு வேறு மாதிரி. மேல்சாதி மாப்பிள்ளை வந்தான் என்று அந்த அப்பன் பல்லைக் காட்டவில்லை. 'இன்னைக்கு ஆசையில கட்டுவே, நாளைக்கு உன் ஆளுக கூப்பிட்டா விட்டுட்டுப் போயிருவே' என்கிற பயம் அந்த நிபந்தனைக்கு அடியில் இருக்கிறது. வழக்கமாகத் தீட்டுக் கழிக்கச் சடங்கு வைப்பவன் மேலே இருப்பவன். இங்கே கீழே வைக்கப்பட்டவன் மேலே இருப்பவனுக்குச் சடங்கு வைக்கிறான். நீ எங்களை உயர்த்த வேண்டாம், நீ இறங்கி வா என்கிறான். தமிழ்க் கதைமரபில் சாதி ஒழிப்பு பற்றி இவ்வளவு கறாராகப் பேசிய இடம் அதிகமில்லை.

பட்டன் செத்ததும் காதலுக்காக அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். மாமனார் காத்த மாட்டுக்கிடையை மீட்கச் செத்தான். ஆநிரை மீட்டு இறந்தவனுக்கு நடுகல் நட்ட கரந்தை மரபில், பூணூலை அறுத்தவன் போய்ச் சேர்ந்துகொள்கிறான். செருப்புத் தைத்தபோது வாயால் சொன்னதை, மாட்டுக்காகச் செத்தபோது உடம்பால் சொன்னான்.

5

இப்போது முதல் கேள்விக்கு வரலாம். பெண்களைப் பிராமணப் பிறப்பாக்கிய பகுதி பின்னால் சேர்ந்தது என்பதை நா.வா. சுட்டிக்காட்டியிருக்கிறார். இது இந்தக் கதைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. மதுரைவீரனும் அரண்மனையில் பிறந்து, காட்டில் விடப்பட்டு, அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவனாகவே சொல்லப்படுகிறான். 1956இல் வந்த எம்.ஜி.ஆர். படம் அதையே தமிழ்நாடு முழுக்கப் பரப்பியது. சாதி தாண்டிய காதல் வெட்டுப்பட்டுத் தெய்வமானால், அந்தத் தெய்வத்தைக் கும்பிடாமல் இருக்க முடியாது. கும்பிட்டால் காதலை ஒப்புக்கொண்டதாகும். இந்தச் சங்கடத்திலிருந்து தப்பக் கண்டுபிடித்த வழிதான் பிறப்பு மாற்றம்.

இதனால் போவது என்ன? முற்போக்கான கருத்து ஒன்று போகிறது என்று நாம் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வோம். அதைவிடப் பெரியது ஒன்று போகிறது: அவலமே போய்விடுகிறது. பெண்கள் பிராமணப் பெண்கள்தான் என்று கேட்பவனுக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டால், பட்டன் எதையும் இழக்கவில்லை. அவன் தெரிவு தெரிவல்ல. விதி அவனுக்கு உரியதை அவனிடமே கொண்டுவந்து சேர்த்தது, அவ்வளவே. தெரிவு கடினமாக இருக்கும்வரைதான் அவலம். அதை இலேசாக்கினால் மிஞ்சுவது பரிதாபம் மட்டுமே.

ஆனால் திருத்தியவர்களால் ஒன்றைத் திருத்த முடியவில்லை. செருப்பை. பிறப்பை மாற்றலாம், கோயிலில் காணிக்கையாக வந்து குவியும் செருப்பை எப்படி மாற்றுவது? அதனால் பிரதியில் ஒரு விரிசல் அப்படியே நிற்கிறது. ஒரு பக்கம் பிராமணப் பிறப்பு, மறுபக்கம் தோல் வேலை. ஏட்டைத் திருத்தியவன் கை எட்டாத இடத்தில், கும்பிடுகிறவன் கை மூலக்கதையைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. நிகழ்த்துதல், சடங்கு, பொருள் இவற்றை விட்டுவிட்டு அச்சுப் பிரதியை மட்டும் வாசிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

6

பட்டனைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அந்தப் பெண்களை விட்டுவிட்டால் நானும் திருத்தியவர்கள் பக்கம்தான். கதை பட்டனிடம் கேட்கிறது, அண்ணன்மாரிடம் கேட்கிறது, வாலப்பகடையிடம் கேட்கிறது. பொம்மக்காவிடமும் திம்மக்காவிடமும் யார் கேட்டது? கல்யாணம் ஆண்கள் பேசி முடித்த ஒப்பந்தம். அவர்கள் வாய் திறந்து அடம்பிடித்துச் சாதிப்பது ஒன்றே ஒன்று: சாவதற்கு அனுமதி. தீப்பாய்வதைக் கற்பு என்று கும்பிடுகிற மரபை நாம் தூக்கிப்பிடிக்க முடியாது. ஒரு பெண்ணுக்கு இருக்கும் ஒரே தெரிவு நெருப்பு என்றால் அது தெரிவே இல்லை. மியாவிடம் இரு என்று சொல்லவும் போ என்று சொல்லவும் ஆளிருந்தது. இவர்களை அரசன் போகவிட்டான், ஊர் சாமியாக்கிக்கொண்டது.

ஆனால் கதையின் தொடக்கத்தில் அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். யாருக்காகவும் அல்ல, பட்டன் கேட்பான் என்று தெரிந்தும் அல்ல. கதையில் அவர்களுக்கென்று இருந்த நேரம் அது ஒன்றுதான். இதை மறுபடி எழுத நினைப்பவர்கள் செருப்பிலிருந்து அல்ல, அந்தப் பாட்டிலிருந்து தொடங்கலாம்.

7

இதெல்லாம் பழைய கதை இல்லை. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில், இருபத்தேழு வயதுத் தலித் இளைஞர் ஒருவர், வேறு சாதிப் பெண்ணை நேசித்ததற்காக வெட்டிக் கொல்லப்பட்டார். படித்த பிள்ளை, கணினித் துறையில் வேலை. அரிவாளை எடுத்தது அந்தப் பெண்ணின் உடன்பிறந்தவன் என்பது வழக்கு. பட்டனின் அண்ணன்மார் பூட்டித்தான் வைத்தார்கள்.

கொலைக்குப் பிறகு கதை மாற்றும் வேலை உடனே தொடங்கிவிடும். காதலே இல்லை என்பார்கள், சொந்தத் தகராறு என்பார்கள், பையன் சரியில்லை என்பார்கள். பெண்களை ராத்திரியோடு ராத்திரியாகப் பிராமணப் பெண்களாக்கிய அதே கை இது. அன்று அது ஏட்டில் நடந்தது. இன்று டீக்கடையில், கைப்பேசியில் நடக்கிறது. நடுகல்லும் கொடையும் இல்லாத காலத்தில், கொல்லப்பட்டவனின் தெரிவை அவனுடைய தெரிவாகவே காத்துவைக்க வேண்டிய வேலை எழுதுகிறவர்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அவர்களைத் தெய்வமாக்க வேண்டாம், தியாகியாக்கவும் வேண்டாம். யாரை விரும்பினார்கள், எந்த வீட்டில் யார் மறுத்தார்கள், எந்தச் சாதி எதற்காக வெட்டியது என்பதை, பிறப்பை மாற்றாமல், பெயரை மழுப்பாமல் எழுதினாலே போதும். வாலப்பகடை வைத்த நிபந்தனை நமக்கும்தான்: இறங்கி வந்து, கையால் செய்து காட்டு.