தடுப்பிக் குழாய் இயற்றல்

ஓடும் வண்டியின் இயக்க ஆற்றலை உராய்வின் வழியாக வெப்பமாக மாற்றி, அவ்வெப்பத்தைச் சூழ்ந்த காற்றிலே கலக்கச் செய்யும் பொறியமைப்பே தடுப்பி. பட்டறைகளில் பிரேக் என வழங்கும் இவ்வமைப்பு, ஓட்டுநரின் காலுக்கும் வண்டியின் உருளிகளுக்கும் இடையே நின்று செயற்படும் ஊடகத்தைப் பொறுத்து மூவகைப்படும். கம்பியும் நெம்புகோலும் விசையைக் கொண்டு செல்வது இழுவைத் தடுப்பி. அடைபட்ட நீர்மம் கொண்டு செல்வது நீர்மத் தடுப்பி. அழுத்திச் சேர்த்து வைத்த காற்றே விசையாகித் தொழிற்படுவது காற்றுத் தடுப்பி. மூன்றாவதில் ஓட்டுநரின் கால் விசையைத் தருவதில்லை. காற்றைத் திறந்துவிடும் அளவை மட்டுமே அது ஆளுகிறது. தொடர்வண்டிக்கென 1869-இல் சார்சு வெசுட்டிங்கவுசு காப்புரிமை பெற்ற காற்றுத் தடுப்பியே இன்றைய பெருஞ் சரக்குந்துகளின் தடுப்பிக்கு மூதாதை. நீர்மத் தடுப்பியோ மால்கம் இலாக்கீடு என்பார் 1917-இல் வகுத்தது. 1921-இல் தியூசன்பெர்க்கு மகிழுந்தின் நான்கு உருளிகளிலும் இடம்பெற்றது. இந்நீர்மத் தடுப்பியின் குழாய் பழைய சரக்குந்து ஒன்றில் பழுதுற்றவிடத்து, அதனைப் புதிதாக இயற்றிக்கொள்ளும் முறையே ஈண்டு ஆயப்படுவது.

அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்தில் தரப்படும் அழுத்தம், குன்றாமல் எல்லாப் புறமும் ஒத்துப் பரவும் என்பது பிரெஞ்சு அறிஞர் பாசுக்கல் கண்ட நெறி. அவர் மறைந்த மறு ஆண்டாகிய 1663-இல் அச்சேறிய நூலில் அது விளக்கம் பெற்றது. மிதிகட்டையின் நெம்புதலாலும் துணைக்கலனின் உதவியாலும் பெருகிய 3,500 நியூட்டன் விசை, தலைமைக் கலனில் 5 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள உந்துதண்டின்மேல் விழுவதாகக் கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு 700 நியூட்டன் அழுத்தம் குழாய் முழுதும் நிறைகிறது. உருளியருகே உள்ள கலனின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டராயின், ஆங்கே 7,000 நியூட்டன் விசை பிறக்கிறது. விசை இரட்டித்ததற்கு ஈடாக நகர்வு பாதியாகிறது. ஆற்றல் எள்ளளவும் கூடுவதில்லை. இவ்வொழுங்கு முழுவதும் நீர்மம் சுருங்காது என்னும் ஒரே பண்பின்மேல் நிற்கிறது. குழாயின் உட்புறத்தில் ஒரு காற்றுக் குமிழி புகுந்தாலும், சுவரில் ஓர் ஊசித்துளை விழுந்தாலும், மிதிகட்டை அமிழும், வண்டி நில்லாது.

சேலம் மாநகரின் அஸ்தம்பட்டி வழியே செல்லும் ஏற்காட்டுச் சாலை, மலையடியைத் தாண்டியபின் இருபது கொண்டையூசி வளைவுகளில் ஏறுகிறது. 1986-இல் வெளிவந்த டாட்டா 407 போன்ற நீர்மத் தடுப்பியுடைய சிறு சரக்குந்துக்கு இச்சாலையின் இறக்கமே கடும் ஆய்வு. சுமையோடு 5 டன் நிறையுள்ள ஊர்தி ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது 490 இலட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. 30 பாகை வெப்பத்திலுள்ள 160 லிட்டர் நீரைக் கொதிநிலைக்கு ஏற்றப் போதுமான வெப்பம் இது. கீழ்ப்பல்லிணையில் இறங்கும் ஓட்டுநர் இதில் பெரும்பங்கைப் பொறியிடமே விட்டுவிடுகிறார். பல்லிணையை நடுநிலையில் விட்டு மிதித்தபடி இறங்குபவரோ அனைத்தையும் தடுப்பியின்மேல் ஏற்றுகிறார். தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடைப்பட்ட தொப்பூர் இறக்கத்தில் தடுப்பி தளர்ந்த சரக்குந்துகளால் நேர்ந்த இடர்களை இவ்வட்டாரத்தார் நன்கறிவர்.

இனிக் குழாயின் இயல்பு. மெல்லிய எஃகுத் தகட்டின்மேல் செம்பு பூசி, இருசுற்றாகச் சுருட்டிச் சூளையில் சூடேற்றினால், செம்பு உருகி இரு சுற்றுகளையும் ஒன்றாய்ப் பிணைத்துவிடும். இவ்வாறு ஆக்கப்படும் இருசுவர் எஃகுக் குழாயே உலகெங்கும் பெருவழக்கு. சிறு ஊர்திகளில் இதன் புறவிட்டம் பெரும்பாலும் 4.75 மில்லிமீட்டர், சுவர்த் தடிப்பு 0.7 மில்லிமீட்டர். இத்துணை நுண்ணிய குழாய் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்குமோ என்னும் ஐயம் இயல்பானது. விடை கணக்கில் உள்ளது. அழுத்தத்தைப் புறவிட்டத்தால் பெருக்கி, தடிப்பின் இருமடங்கால் வகுத்தால், சுவரின்மேல் விழும் இழுதகைவு கிடைக்கும். மேற்கூறிய அழுத்தத்துக்கு அது சதுர மில்லிமீட்டருக்கு 24 நியூட்டனை எட்டாது; எஃகு நெகிழத் தொடங்கும் எல்லையோ இதன் பன்மடங்கு. ஆகவே குழாயை வெல்வது அழுத்தமன்று, துரு. சுவரின் பத்தில் ஒன்பது பங்கைத் துரு தின்றுவிட்ட இடத்தில் இழுதகைவு பத்து மடங்காகிறது. அன்று ஓட்டுநர் அஞ்சி அழுத்தி மிதிக்கும் ஒரு மிதியிலேதான் குழாய் வெடிக்கும். குளிர்நாடுகளில் பனியுருக்கச் சாலையில் தூவும் உப்பு செய்யும் கேட்டை, நம் நாட்டில் தூத்துக்குடி உப்பும் மீன்பெட்டி நீரும் உரமூட்டைத் துகளும் செய்கின்றன. சட்டத்தோடு குழாயைப் பிணைக்கும் பற்றிகளின் அடியில், சேறு உலராது தங்குமிடத்தில், முதல் துளை விழும். பளபளக்கும் வெளிப்பகுதியை மட்டும் கண்டு குழாய் நன்றென்பது பயனற்ற பார்வை.

மாற்றுக் குழாய்க்கு மூன்று மாழைகள் கிடைக்கும். எஃகு வலியது, விலை குறைந்தது, வளைக்கக் கடியது. செம்போடு பத்து விழுக்காடு நிக்கலும் சிறிதளவு இரும்பும் மாங்கனீசும் சேர்ந்த கலவை துருவுக்கு அசையாதது, கையால் வளைவது. வால்வோ நிறுவனம் 1970-களிலேயே தன் மகிழுந்துகளில் இதனை ஏற்றது. மூன்றாவது தூய செம்பு. குளிர்ப்பெட்டிப் பணியாளரிடம் எளிதில் கிடைப்பதாலும், விளக்கு வெளிச்சத்தில் கலவைக் குழாயைப் போலவே தோன்றுவதாலும், இதனைத் தடுப்பிக்கு இடும் பழக்கம் ஆங்காங்கே உண்டு. அதனை நான் வன்மையாக மறுக்கிறேன். ஓயாத அதிர்வால் செம்பு இறுகி, அயர்ந்து, எழுத்துக்கோலின் கூர் முறிவதைப்போல் முன்னறிவிப்பின்றி முறியும்.

இயற்றும் முறைக்கு வருவோம். பழைய குழாயை அறுக்காமல் கழற்றி, அதனருகே ஒரு கட்டுக்கம்பியை வைத்து வளைவுக்கு வளைவு ஒத்திட்டு, பின் அக்கம்பியை நேராக்கி அளந்தால் உண்மை நீளம் தெரியும். அதன்மேல் சிறிது மிகை விடுக. வெட்டுவதற்கு உருள்வெட்டியே தக்கது. அரம்பம் ஓரத்தைச் சாய்ப்பதோடு துகளையும் உள்ளே இறைக்கும். வெட்டிய வாயின் உட்பிசிறைச் சுரண்டி நீக்கி, மரையைக் குழாயில் கோத்தபின்னரே வாயை விரிக்க வேண்டும். வாய் விரிந்தபின் மரை ஏறாது. இதனைச் சொல்லித்தர வேண்டுமோ என எண்ணுவோர் ஒரு பட்டறையில் அரைநாள் அமர்ந்து பார்க்கலாம்.

பிளேர் எனப்படும் விரிவாயே இத்தொழிலின் உயிர்நிலை. ஒருமடி விரிவாயில் சுவரின் ஒற்றைத் தடிப்பே மரைக்கும் இருக்கைக்கும் இடையில் நசுங்கி, பிளவுபடக்கூடும். ஆதலின் அது தடுப்பிக்கு ஆகாது. இருமடி விரிவாயில், பிடிகட்டையில் இறுக்கிய குழாயின் நுனியை முதலில் அச்சால் உட்புறமாக மடக்கி, பின் கூம்பால் அழுத்தி 45 பாகைச் சாய்வுக்குக் கொணர வேண்டும். அப்போது இருக்கையைத் தொடுமிடம் இருமடங்கு தடிப்புடையதாகிறது. குமிழ்வடிவ வாய் என வேறொரு வகையும் உண்டு. ஒன்றற்குரிய இருக்கையில் மற்றொன்றைப் பொருத்தினால் எவ்வளவு முறுக்கினும் கசிவு நில்லாது. எனவே பழைய குழாயின் வாயைக் கண்டறிந்தே புதியதை இயற்றல் வேண்டும். இடையில் இணைக்க நேர்ந்தால் அங்கும் விரிவாய் இணைப்பே வேண்டும். காற்றுத் தடுப்பியின் நெகிழிக் குழாய்களைக் கவ்வும் வளைய இணைப்பு, நாமக்கல்லில் கூடு கட்டப்பெறும் பெருஞ் சரக்குந்துகளில் ஏறத்தாழ 8 வளிமண்டல அழுத்தத்தையே தாங்குகிறது. நீர்மத் தடுப்பியின் அழுத்தமோ எழுபதை எட்டும்.

வளைத்தலில் ஒடிவு விழலாகாது, புகைபோக்கியை அணுகலாகாது, பற்றியில்லாத நெடுந்தொலைவு அதிரலாகாது. பொருத்துமுன் குழாயைக் காற்றால் ஊதித் தூய்மை செய்க. மண்ணெண்ணெயோ பொறியெண்ணெயோ உள்ளே படக்கூடாது; அவை கலன்களின் இரப்பர் வளையங்களை ஊதிப் பருக்கச் செய்யும். பிரேக் ஆயில் என்று விற்கப்படினும் தடுப்பி நீர்மம் எண்ணெயன்று; ஈரத்தைக் காற்றிலிருந்தே உறிஞ்சும் கிளைக்கால் வகைப் பொருள். டாட் 4 எனக் குறிக்கப்படும் தரத்துக்குப் புதுநிலையில் குறைந்தது 230 பாகைக் கொதிநிலை வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் 155 பாகை வரை தாழ ஒப்புதலுண்டு. மலையிறக்கத்தின் வெப்பத்தில் அவ்வீரமே ஆவியாகி, சுருங்கும் குமிழியாய் நிற்கும். திறந்து வைத்த பழைய புட்டியை எறிந்துவிடுவதே நன்று.

குழாயைப் பொருத்தி நீர்மம் நிரப்பியபின், வண்டியாக்கியவர் வேறுமுறை குறித்திராவிடின், தலைமைக் கலனுக்கு மிகத் தொலைவான உருளி முதலாகக் காற்று நீக்குக. ஒருவர் மிதித்துப் பிடிக்க, மற்றவர் உருளிக் கலனிலுள்ள முலைத்திருகைத் திறந்து, மிதி எழுமுன் மூட வேண்டும். நீர்மக் கொள்கலம் வற்றினால் பணி முதலிலிருந்து தொடங்கும். பின் வண்டி நிற்கையிலேயே முழு வலிவுடன் மிதித்துப் பிடித்து, இணைப்பு ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளால் துடைத்துப் பார்க்க வேண்டும். தாளில் ஈரம் படியுமாயின், மரையை மேலும் முறுக்கி விரிவாயை நசுக்குதல் தீர்வன்று. அவ்வாயை வெட்டியெறிந்து, முன்பே விட்டுவைத்த மிகை நீளத்தில் மீண்டும் விரித்தலே வழி.