தகடு கட்டிய மரங்கள்

பனாமா கால்வாய்க்காக சாக்ரெஸ் ஆற்றில் அணை கட்டியபோது, நீர் சூழ்ந்து தீவாகிப்போன குன்று பாரோ கொலராடோ. அதன் உச்சிச் சமவெளியில் 1980-இல் ஸ்டீஃபன் ஹப்பெல், ராபின் ஃபாஸ்டர் என்ற இரு சூழலியலாளர்கள் 50 ஹெக்டேர் காட்டை, ஏறக்குறைய 124 ஏக்கரை, 20 மீட்டர் சதுரங்களாகப் பிரித்தார்கள். அப்படி 1,250 சதுரங்கள். அங்குள்ள ஒரு மரத்தையும் விடாமல் எண்ணிவிடுவது என்பது திட்டம்.

எது மரம்? தரையிலிருந்து 1.3 மீட்டரில் எடுக்கும் அளவுக்கு நெஞ்சுயர விட்டம் என்று பெயர். அது 1 சென்டிமீட்டர் இருந்தால் போதும். பென்சிலைவிடச் சற்றே தடித்த கன்றும் கணக்கில் வரும். ஒவ்வொன்றுக்கும் எண் பொறித்த அலுமினியத் தகடு கட்டினார்கள். தகடுகள் இரண்டு லட்சத்தைத் தாண்டின, இனங்கள் 300-ஐத் தாண்டின.

அளப்பது எளிது, இனம் காண்பதில்தான் வித்தை இருக்கிறது. விரல் தடிமன் கன்றில் பூ ஏது, காய் ஏது? இலையைக் கசக்கி முகர வேண்டும், காம்பை ஒடித்துப் பால் வடிகிறதா என்று பார்க்க வேண்டும். பலகை வேர் விட்ட பெருமரங்கள் இன்னொரு தொல்லை. ஏணி போட்டு, வேர் முடியும் இடத்துக்கு மேலே ஏறி அளக்கிறார்கள்.

இத்தனையும் முடித்துவிட்டு, மறுபடி முதல் தகட்டுக்கே திரும்புகிறார்கள். 1985-க்குப் பின் ஐந்தாண்டுக்கு ஒரு முறை இது நடக்கிறது. 1983-இல் எல் நினோ கொண்டுவந்த வறட்சிக்குப் பின் ஈரம் விரும்பும் இனங்கள் மெலிந்துபோனது அப்படித்தான் பிடிபட்டது.

ஒரே மழை, ஒரே மண். வலுத்த ஓர் இனம் மற்றவற்றை ஏன் விரட்டிவிடவில்லை? விடை தேடி, 200 இடங்களில் வலைத்தொட்டி வைத்து, உதிரும் விதைகளை வாராவாரம் எண்ணினார்கள். பக்கத்திலேயே முளைத்த நாற்றுகளையும் எண்ணினார்கள். 2000-இல் வெளியான முடிவு வியப்பானது. ஆராய்ந்த 53 இனங்களிலும், விதை குவிந்த இடத்தில் முளைத்துத் தேறும் விகிதம் குறைவு. ஓர் இனத்தையே குறிவைக்கும் பூச்சிகளும் பூஞ்சைகளும் அங்கேதான் கூடும் என்று ஜான்சென், கானெல் என்ற சூழலியலாளர்கள் இருவரும் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தனித்தனியாக ஊகித்திருந்தார்கள். எங்கும் பெருகும் இனத்தை அதன் எதிரிகளே அடக்க, அரிய இனத்துக்கு இடம் கிடைக்கிறது. இந்தக் கணக்கெடுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

மரமாவது நின்ற இடத்தில் நிற்கும். பறந்தோடும் பூச்சிகளை என்ன செய்வது? பனாமாவின் சான் லொரென்சோ காட்டில் கிரேனில் தொங்கியும் பலூனில் மிதந்தும், தரைமுதல் உச்சிவரை பொறி வைத்தும் பிடித்தார்கள். மொத்தம் அரை ஹெக்டேருக்கும் குறைந்த பரப்பில் 6,144 வகைக் கணுக்காலிகள், அதாவது பூச்சி, சிலந்தி போன்ற கணுக்கால் உயிர்கள், சிக்கின. 6,000 ஹெக்டேர் காடு முழுவதிலும் சுமார் 25,000 வகை இருக்கும் என்று 2012-இல் மதிப்பிட்டார்கள்.

தகடு கட்டும் முறை 1988-இல் நம் முதுமலைக்கும் வந்தது. இந்திய அறிவியல் கழகத்தின் ராமன் சுகுமார் குழு அங்கும் 50 ஹெக்டேரையே எடுத்துக்கொண்டது. அது வறண்ட இலையுதிர் காடு. இனங்கள் எழுபது சொச்சம்தான். ஆனால் புதிதாகச் சேர்ந்தவை எவை, செத்தவை எவை என்று அங்கே ஆண்டுதோறும் பார்க்கிறார்கள். தீயில் கருகியதும் யானை முறித்ததும்கூட அந்தக் கணக்கில் ஏறுகின்றன.