பெயர் பொறிக்க ஒரு மடக்குக் கத்தி

எங்கள் ஊரில் கலியாணத்துக்குக் கொடுக்கும் செம்பிலும் தாம்பாளத்திலும் பெயர் வெட்டிக் கொடுப்பது வழக்கம். யார் கொடுத்தது, என்ன நாள் என்று பாத்திரமே சொல்லும். ஊரை விட்டு வெளிக்கிட்டபோது அந்தப் பாத்திரங்களை எல்லாம் விட்டுவிட்டுத்தான் வந்தோம். பொருளில் பெயர் வெட்டும் ஆசை மட்டும் எம்மோடு கூட வந்துவிட்டது.

சென்ற வருடம் எங்கள் தொழிற்சாலையில் ஓர் அண்ணை ஓய்வு பெற்றார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், முனை உடைந்த பழைய பேனாக் கத்தியால் அப்பிள் வெட்டி எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு கொடுப்பவர். இங்குள்ள கடதாசிகளில் தகப்பன் பெயர் குடும்பப் பெயரின் இடத்தில் விழுந்துவிட்டதால், வேலைத்தலத்தில் வெள்ளைக்காரர் எல்லோரும் அவரைத் தகப்பன் பெயராலேயே கூப்பிட்டார்கள். அவருடைய சொந்தப் பெயரைத் தமிழில் பொறித்து ஒரு நல்ல மடக்குக் கத்தி கொடுப்போம் என்று எட்டுப் பேர் காசு சேர்த்தோம். முதற் கத்தி பிழைத்துப் போனது. அதில் படித்தவற்றை, எம்மைப் போல் வாங்க நினைக்கும் குடும்பங்களுக்காக இங்கே எழுதுகிறோம்.

முதலில் சட்டம்

கனடாவின் குற்றவியல் சட்டம், 84ஆம் பிரிவில், பொத்தானையோ வில்லையோ அழுத்தத் தானாகத் திறக்கும் கத்தியையும், கையை உதறியவுடன் அல்லது தன் பாரத்தாலேயே திறந்துகொள்ளும் கத்தியையும் தடைசெய்யப்பட்ட ஆயுதம் என்கிறது. அப்படியானதை வைத்திருப்பதே குற்றம். ஆகவே கடையில் கத்தியைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது, நகத்தால் இழுத்துத் திறக்க வேண்டியதாக அது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பலகைக்கண்ணாடிக்குள் பளபளப்பாக இருக்கிறது என்பதற்காக வில்லுக் கத்தியை வாங்கிவிட வேண்டாம்.

சாதாரண மடக்குக் கத்தி குற்றமில்லை. ஆனால் அதை ஆயுதமாக மறைத்துக் கொண்டு திரிவது குற்றம். 'பாதுகாப்புக்கு வைத்திருக்கிறேன்' என்று பொலிசுக்குச் சொல்லும் வார்த்தை எமக்கு எதிராகவே திரும்பக்கூடும். குடிவரவுக் கோப்பு முடியாமல் இருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் புத்தகப் பையில் ஒருபோதும் போகக் கூடாது. 2006இல் உயர் நீதிமன்றம் மொன்றியல் லசால் பகுதிப் பாடசாலை மாணவர் ஒருவருக்குக் கிர்பான் அணிய அனுமதி கொடுத்தது உண்மைதான். அது சீக்கிய சமயக் கடமைக்காக, உறையில் இட்டுத் துணிக்குள் தைத்து அணிய வேண்டும் போன்ற நிபந்தனைகளோடு கொடுக்கப்பட்டது. பழம் வெட்டும் கத்திக்கு அது பொருந்தாது.

எந்தக் கத்தி?

பெயர் கேட்டு வாங்குவதென்றால் இரண்டு பெயர்களை அறிந்து வைத்திருப்பது நல்லது. ஒன்று, பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய கத்தி. பீச் மரப் பிடி. அலகு ஆடாமல் இருக்க 1955இல் சேர்த்த உலோக வளையம். அளவுக்கு இலக்கம் உண்டு. 8ஆம் இலக்கத்தின் அலகு எட்டரை சென்ரிமீற்றர், கைக்கு அடக்கமானது.

மற்றது சுவிஸ் நாட்டின் விக்ரோறினொக்ஸ். இபாக் என்ற ஊரில் 1884இல் கார்ல் எல்செனர் பட்டறை போட்டு, 1891இல் இராணுவத்துக்குக் கத்தி கொடுத்தார். தாயார் விக்ரோறியா 1909இல் இறந்தபோது அவர் பெயரையே கத்திக்கு வைத்தார். துருப்பிடியா உருக்கைக் குறிக்கும் 'இனொக்ஸ்' 1921இல் அதனோடு சேர்ந்தது. கத்தியில் பெயர் பொறிக்க ஆசைப்படுவது நாங்கள் மட்டுமல்ல என்று அறிய எமக்குச் சந்தோசமாக இருந்தது.

'லகியோல்' என்று எழுதிய கத்திகளையும் காண்பீர்கள். அது ஓர் ஊரின் பெயர். பலர் பல நாடுகளில் அந்தப் பெயரில் செய்கிறார்கள். ஆகவே செய்தவர் பெயரையும் நாட்டையும் பார்த்தே வாங்குங்கள்.

கையில் எடுத்துச் சோதிப்பது சுலபம். திறந்த அலகைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள், ஆடக் கூடாது. மடித்தால் அலகு பிடியின் நடுவில் விழ வேண்டும். கார்பன் உருக்கு நன்றாகக் கூர் ஏறும். ஆனால் தேசிக்காயும் மாங்காயும் வெட்டித் துடைக்காமல் விட்டால் கறுத்துத் துருவேறும். கழுவித் துடைக்கப் பொறுமை இல்லாதவருக்குத் துருப்பிடியா உருக்கே நல்லது.

எங்கே பொறிப்பது?

மரப்பிடியில் லேசர் எழுத்து கபில நிறமாகச் சுட்டுத் தெளிவாக விழும். வெளிறிய மரத்தில் இன்னும் தெளிவு. அலுமினியப் பிடி உள்ள சுவிஸ் கத்திகள் சிலவற்றில் பெயருக்கென்றே ஒரு மட்டமான இடம் விட்டிருக்கிறார்கள். அலகில் பொறிப்பதென்றால் வெட்டும் ஓரத்துக்குக் கிட்ட வேண்டாம். தீட்டத் தீட்ட எழுத்துத் தேயும். லேசர் சூடு பட்ட இடத்தில் துருவும் பிடிக்கலாம். எண்ணெய் தொட்டு வையுங்கள். நாங்கள் இரண்டாம் முறை மரப்பிடியையே தெரிவு செய்தோம்.

தமிழ் எழுத்தின் கதை

முதற் கத்தி ஏன் பிழைத்தது? அண்ணையின் பெயரில் ஒரு 'யோ' இருக்கிறது. நாங்கள் மின்னஞ்சலில் பெயரை அனுப்பினோம். பொறிப்பவரின் கணினிக்குத் தமிழ் சேர்க்கத் தெரியவில்லை. முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய்விட்டது. ஒரு புள்ளியும் காணாமல் போனது. பாவம், அந்த மனிதருக்கு அது எழுத்தா கோலமா என்று எப்படித் தெரியும்? உருக்கில் வெட்டியதை அழிக்கவும் முடியாது. கடதாசியில் இடம் மாறிய பெயர், கத்தியில் உருமாறிப் போனது.

ஆகவே பெயரைத் தட்டச்சு எழுத்தாக அனுப்பாதீர்கள். வீட்டில் எழுதி, படமாக மாற்றிக் கொடுங்கள். அதே அளவில் கடதாசியில் அச்சடித்து, வெட்டி, கத்தியின் மேல் வைத்துப் பாருங்கள். எழுத்து நான்கு மில்லிமீற்றருக்குக் குறைந்தால் ண, ஞ இவற்றின் சுழி அடைபட்டுவிடுகிறது. முதலில் ஒரு பலகைத் துண்டில் பொறித்துக் காட்டச் சொல்லுங்கள். அதைத் தமிழ் வாசிக்கக் கூடிய ஒருவர் உரக்க வாசித்த பிறகே சம்மதம் சொல்லுங்கள்.

கத்தியைக் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். கத்தி வாங்கியவர் ஒரு நாணயம் திருப்பிக் கொடுத்தால் உறவு அறாது என்று இங்குள்ள பிரெஞ்சுக்காரரும் சொல்கிறார்கள். ஒரு சதக் குற்றியை அரசாங்கம் 2013இல் நிறுத்திவிட்டது. ஆகவே நாங்கள் மேசையில் வைத்த கத்தியை எடுத்துக்கொண்டு, அண்ணை ஐந்து சதக் குற்றி ஒன்றை அதே இடத்தில் வைத்தார்.

பக்கத்தில் நின்ற கியூபெக்கார மேற்பார்வையாளர், பிடியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அண்ணை தன் பெயரைச் சொன்னார். அவர் இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, மூன்றாம் தரம் சரியாகச் சொன்னார். அன்றுதான் அண்ணைக்கு அங்கே கடைசி நாள்.