பைக்குள் ஒரே ஒரு சார்ஜர்

இரண்டு நாள் வெளியூர் போகிறவர்கூட இன்று லேப்டாப், போன், இயர்பட்ஸ், கைக்கடிகாரம் என்று நான்கு பேட்டரிகளைச் சுமந்துகொண்டு போகிறார். நான்குக்கும் தனித்தனி சார்ஜர், தனித்தனி ஒயர் என்றால் பையின் ஒரு பக்கம் அதற்கே போய்விடும். லேப்டாப்போடு வந்த அந்தக் கறுப்புக் கட்டி மட்டும் ஒயரோடு சேர்த்துக் கால் கிலோவுக்கு மேல் இருக்கும். ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரே சார்ஜரும் இரண்டு கேபிளும் கடிகாரத்தின் காந்த வட்டும் இருந்தால் இந்த நான்கையும் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டால், எதை வாங்குவது, எதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது என்பதை நாமே முடிவுசெய்யலாம்.

முதலில் ஒரு கணக்கு. சார்ஜர் பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் என்பது வேகம். பேட்டரிக்குள் அடங்கும் மின்சாரத்தின் அளவு வாட்-மணி. 5,000 எம்.ஏ.எச். பேட்டரி உள்ள போனில் சுமார் 19 வாட்-மணி இருக்கும். எடை குறைந்த லேப்டாப்களில் பெரும்பாலும் 50 முதல் 60 வாட்-மணி. இயர்பட்ஸும் கடிகாரமும் சேர்ந்தாலும் நாலைந்து வாட்-மணியைத் தாண்டாது. எல்லாமே அடியோடு தீர்ந்துபோயிருந்தாலும் மொத்தத் தேவை 80 வாட்-மணி சுற்றுவட்டாரம்தான். இரவு பத்து மணிக்குச் சார்ஜ் போட்டுக் காலை ஆறு மணிக்கு எடுத்தால் எட்டு மணி நேரம். எண்பதை எட்டால் வகுத்தால் பத்து. சேதாரத்தையும் சேர்த்துக்கொண்டால் சராசரியாகப் பதினைந்து வாட் போதும்! அறைக்குத் திரும்பித் தூங்கப்போகும் பயணிக்கு 100 வாட் சார்ஜர் வீண் சுமை. வேலை பார்த்துக்கொண்டே லேப்டாப்பைச் சார்ஜ் செய்ய வேண்டியவருக்கும், விமான நிலையத்தில் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்பவருக்கும்தான் அதிக வாட் உதவும். லேப்டாப் கொண்டுபோகிறவருக்கு 65 வாட், போனும் டேப்லெட்டும் மட்டும் என்றால் 30 வாட் என்பது என் பரிந்துரை. கேமிங் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் லேப்டாப்போடு வந்த கட்டியைச் சுமக்கத்தான் வேண்டும்.

இத்தனை வாட் இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் எப்படி அடங்குகிறது? பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கும் டேப் ரெக்கார்டருக்கும் பேட்டரிக்குப் பதிலாக நாம் வாங்கிய எலிமினேட்டரைக் கையில் எடுத்தால் கனக்கும். உள்ளே இரும்புத் தகடுகளும் செம்புக் கம்பிச் சுருளும் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் இருந்ததுதான் காரணம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம் வினாடிக்கு 50 முறை சுற்றிவரும். ஒவ்வொரு சுற்றிலும் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பங்கு ஆற்றலைக் காந்தப்புலத்தின் வழியாக இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கடத்துகிறது. வினாடிக்கு ஐம்பதே நடை என்றால் ஒவ்வொரு நடைக்கும் அண்டா நிறையத் தண்ணீர் தூக்க வேண்டும். நடை லட்சமானால் சின்னச் சொம்பு போதும். இன்றைய சார்ஜர்கள் செய்வது இதைத்தான். வரும் மின்சாரத்தை முதலில் நேர்த்திசையாக்கி, பிறகு ஒரு மின்னணு ஸ்விட்ச்சால் வினாடிக்கு லட்சம் முறை அளவில் வெட்டி வெட்டிச் சிறிய டிரான்ஸ்ஃபார்மருக்குள் அனுப்புகின்றன. அந்தப் பக்கம் வந்ததை மறுபடி நேர்த்திசையாக்கினால் வேண்டிய வோல்ட்டேஜ் கிடைக்கிறது.

அந்த ஸ்விட்ச் நெடுங்காலம் சிலிக்கானால் ஆனதாகவே இருந்தது. சிலிக்கானை இன்னும் வேகமாக வெட்டச் சொன்னால் ஒவ்வொரு வெட்டிலும் கொஞ்சம் ஆற்றல் வெப்பமாகிப் போகும். சின்னப் பெட்டிக்குள் அந்தச் சூட்டை எங்கே விடுவது? கேலியம் நைட்ரைடு இங்கேதான் வருகிறது. இந்தப் பொருளில் ஓர் எலெக்ட்ரானைக் கட்டிலிருந்து விடுவிக்கச் சுமார் 3.4 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். சிலிக்கானுக்கு 1.1 போதும். அதனால் கேலியம் நைட்ரைடின் மெல்லிய அடுக்கே உயர்ந்த வோல்ட்டேஜைத் தாங்கும். ஸ்விட்ச்சைச் சிறிதாக்கலாம், வேகமாகத் திறந்து மூடலாம், சேதாரமும் குறைவு. வேகம் கூடினால் டிரான்ஸ்ஃபார்மர் சுருங்கும், அதோடு சேர்ந்து பெட்டியும் சுருங்கும். இந்தப் பொருளின் நல்ல படிகத்தை வளர்த்தெடுப்பது ஒரு காலத்தில் மிகவும் கடினமாக இருந்தது. அதைச் சாதித்து நீல நிற எல்.ஈ.டி. விளக்கை உருவாக்கியதற்காக இசாமு அகாசாகி, ஹிரோஷி அமானோ, ஷூஜி நாகாமுரா ஆகியோர் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசைப் பெற்றார்கள். வீட்டு விளக்குக்கு வெளிச்சம் தந்த அதே பொருள்தான் இப்போது சார்ஜரையும் சிறிதாக்கியிருக்கிறது. இது எனக்குத் தீராத வியப்பு.

சார்ஜர் சிறிதாவது ஒரு பாதிதான். லேப்டாப்புக்கு 20 வோல்ட், இயர்பட்ஸுக்கு 5 வோல்ட் வேண்டும். ஒரே துளையில் மாற்றி மாற்றிச் செருகினால் இயர்பட்ஸ் கருகாதா? கருகாது. டைப்-சி சார்ஜர் கேட்காமல் எதையும் கொடுப்பதில்லை. சும்மா இருக்கும்போது அதன் மின்சார முனைகளில் எதுவும் வருவதில்லை. டைப்-சி இணைப்பியில் உள்ள 24 முனைகளில் சில, பேசிக்கொள்வதற்கென்றே ஒதுக்கப்பட்டவை. கருவியின் பக்கம் அந்த முனையில் 5.1 கிலோ ஓம் மின்தடை ஒன்று இருக்கும். அது தெரிந்தால்தான் சார்ஜர் முதலில் 5 வோல்ட்டைத் திறக்கிறது. பிறகு தன்னிடம் உள்ளதைப் பட்டியலாக அனுப்புகிறது: 5 வோல்ட்டில் 3 ஆம்பியர், 9-இல் 3, 15-இல் 3, 20-இல் 3.25. லேப்டாப் அதில் கடைசியைக் கேட்கிறது, சார்ஜர் சம்மதிக்கிறது, வோல்ட்டேஜை உயர்த்துகிறது, தயார் என்று சொல்கிறது. ஒரு வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். பேசத் தெரியாத சின்னக் கருவிக்கு 5 வோல்ட்டுக்கு மேல் போகாது. ‘பவர் டெலிவரி’ என்ற இந்தப் பொது ஏற்பாடு 100 வாட் வரை இருந்தது. 2021-இல் அதை 240 வாட் வரை நீட்டினார்கள்.

அந்த 5.1 கிலோ ஓம் மின்தடை சில பைசா விலையுள்ள பொருள். அதை மிச்சம் பிடிக்கும் மலிவான டார்ச்சும் டிரிம்மரும் சந்தையில் நிறைய உண்டு. துளை டைப்-சி போலவே இருக்கும், ஆனால் இருபக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் சார்ஜ் ஏறாது. ஒரு பக்கம் பழைய தட்டையான டைப்-ஏ உள்ள கேபிளில் மட்டும் ஏறும். பெயர்பெற்ற தயாரிப்பாளர்களும் இந்த மின்தடையில் தவறியிருக்கிறார்கள். 2019-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4 கணினியில் பேசிக்கொள்வதற்கான இரண்டு முனைகளுக்கும் சேர்த்து ஒரே மின்தடையை வைத்துவிட்டார்கள். சில்லு பதித்த கேபிளைச் செருகினால் சார்ஜர் அதை வேறு ஏதோ கருவி என்று நினைத்து மின்சாரம் தர மறுத்தது. பின்னர் வந்த பலகைகளில் திருத்தினார்கள்.

கேபிளில் எதற்குச் சில்லு? 60 வாட்டை 5 வோல்ட்டில் அனுப்பினால் 12 ஆம்பியர் ஓட வேண்டும். 20 வோல்ட்டில் 3 ஆம்பியர் போதும். ஒயரில் உண்டாகும் சூடு ஆம்பியரின் இருமடியைப் பொறுத்தது என்பதால், நான்கில் ஒரு பங்கு ஓட்டத்துக்குப் பதினாறில் ஒரு பங்கு சூடுதான். மின்வாரியம் ஊர் விட்டு ஊருக்கு 230, 400 கிலோவோல்ட்டில் மின்சாரம் கொண்டுபோவதற்கும் இதே கணக்குதான். 3 ஆம்பியர் வரை எந்த நல்ல டைப்-சி கேபிளும் தாங்கும். அதற்கு மேல் போக வேண்டுமென்றால், ‘நான் 5 ஆம்பியர் தாங்குவேன்’ என்று அறிவிக்கும் சில்லு கேபிளின் தலைக்குள் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் 65 வாட் சார்ஜர் 20 வோல்ட், 3 ஆம்பியர் என்று 60 வாட்டோடு நின்றுகொள்ளும். ஐந்து வாட் நஷ்டம் பெரிதல்ல. போனோடு வந்த கேபிளே லேப்டாப்புக்கும் பெரும்பாலும் போதும் என்ற நல்ல செய்தியும் இதில் இருக்கிறது. புதிதாக வாங்கினால் 100 அல்லது 240 வாட் என்று எழுதிய, அதிவேகத் தரவு வசதி இல்லாத கேபிளை வாங்குங்கள். உள்ளே ஒயர்கள் குறைவு என்பதால் மெல்லியதாக, சொன்னபடி வளையும். மானிட்டருக்குச் செருகும் தடித்த கேபிள் பயணத்துக்கு ஆகாது.

போன்களின் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒப்போ, ஒன்பிளஸ் போன்களின் சூப்பர்வூக் வேகம் அவற்றின் சொந்தச் சார்ஜரோடுதான் முழுமையாகக் கிடைக்கும். பொதுச் சார்ஜரில் மெதுவாக ஏறும். சாம்சங்கின் அதிவேக சார்ஜிங்குக்குப் பவர் டெலிவரியின் ஓர் உட்பிரிவான பி.பி.எஸ். வேண்டும். அதில் போன் தனக்குத் தேவையான வோல்ட்டேஜை ஆயிரத்தில் இருபது பங்கு வோல்ட் துல்லியத்தில் அவ்வப்போது மாற்றிக் கேட்கும். சார்ஜரின் முதுகில் பி.பி.எஸ். என்று இருக்கிறதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். மற்றபடி பாதை பொதுவை நோக்கித்தான் போகிறது. 2023-இல் ஐபோன் 15 டைப்-சிக்கு மாறியது. 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்படும் புதிய போன்களுக்கு டைப்-சி கட்டாயம்.

சார்ஜரின் முதுகில் உள்ள பொடி எழுத்தை உருப்பெருக்கி வைத்தாவது படியுங்கள். மூன்று துளை உள்ள 65 வாட் சார்ஜர், ஒன்றில் மட்டும் செருகினால்தான் 65 தரும். இரண்டில் செருகினால் பெரும்பாலும் 45-உம் 20-உம். மூன்றாவதையும் செருகினால் சில சார்ஜர்களில் இரண்டு துளைகள் 5 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். புதிதாக எதைச் செருகினாலும் பங்கீட்டை மறுபடி பேசி முடிக்க, ஏற்கெனவே ஏறிக்கொண்டிருப்பவை ஒரு வினாடி அணைந்து எரியும். அது பழுதல்ல. 65 வாட் கொடுக்கும்போது நூற்றுக்குப் பத்து வீணானாலும் ஏழு வாட் சூடு அந்தச் சின்னப் பெட்டியில் தங்கும். கை பொறுக்கும் சூடு இயல்பானது. தலையணைக்கடியில், போர்வைக்குள் மட்டும் வைக்காதீர்கள்.

பவர் பேங்கில் ஏமாறுவது எளிது. 10,000 எம்.ஏ.எச். என்பது உள்ளே உள்ள செல்லின் 3.7 வோல்ட்டில் அளந்தது, அதாவது 37 வாட்-மணி. வோல்ட்டேஜை மாற்றும் சேதாரம் போகப் போனுக்கு வருவது 30 சொச்சம். 5,000 எம்.ஏ.எச். போனை இரண்டு முறை நிரப்பும் என்று எதிர்பார்த்தால் ஒன்றரை முறைதான் நிரப்பும். விமானத்துக்கும் இந்த வாட்-மணிதான் அளவுகோல். 100 வரை கைப்பையில் கொண்டுபோகலாம், 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் இடமில்லை. 20,000 எம்.ஏ.எச். என்றால் 74 வாட்-மணி. எந்த அளவானாலும் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது. லித்தியம் செல் பழுதாகிச் சூடேறினால் அந்தச் சூடே அடுத்த செல்லைப் பற்றவைக்கும். பயணிகள் அறையில் என்றால் கண்ணில் படும், அணைக்கலாம். அடியில் உள்ள சரக்கறையில் என்றால் யாரும் நெருங்க முடியாது. 2025 ஜனவரி 28 அன்று பூசான் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று புறப்படும் முன்பே தீப்பற்றி எரிந்தது. தலைக்கு மேலுள்ள பெட்டியில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்றது விசாரணை. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும், அக்டோபர் 1 முதல் எமிரேட்ஸும் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்தத் தடை போட்டன. உப்பிய பவர் பேங்க் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் பைக்குள் போகக் கூடாது. புதிதாக வாங்கும்போது இந்தியத் தர அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைச் சரிபார்க்கலாம்.

கடைசியாகச் சுவர். சார்ஜரில் 100–240 வோல்ட் என்று இருந்தால் ஜப்பானின் 100 வோல்ட்டும் அமெரிக்காவின் 120 வோல்ட்டும் நம் 230-உம் அதற்கு ஒன்றுதான். மாற வேண்டியது முனைகளின் வடிவம் மட்டுமே. சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் எல்லாம் மூன்று சதுர முனை. இலங்கையிலும் இப்போது அதுவே தரநிலை. பழைய கட்டடங்களில் நம் உருண்டை முனையும் இருக்கும். சதுர முனைச் சாக்கெட்டின் மேல் துளைக்குள் போகும் நீண்ட முனைதான் கீழ்த் துளைகளின் மூடியைத் திறக்கிறது. பேனாவை விட்டுத் திறந்து இரண்டு முனைச் சார்ஜரைச் செருகும் வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சின்ன அடாப்டர் விலை அதிகமில்லை, உயிர் அதைவிட மேல். வெளிநாட்டில் வாங்கிய 4 மில்லிமீட்டர் முனைச் சார்ஜர் நம் 5.1 மில்லிமீட்டர் துளைகளில் தொளதொளவென்று தொங்கும். அந்த இடத்தில் பொறி பறக்கும், சூடாகும். அதற்கும் ஒரு சின்ன அடாப்டர்தான் தீர்வு. ரயில் பெட்டிகள் பலவற்றில் சார்ஜிங் பாயின்ட் 110 வோல்ட். இந்தச் சார்ஜர்களுக்கு அதுவும் சரிதான். ஆனால் தீ விபத்தைத் தவிர்க்கச் சில ரயில்களில் இரவு 11 முதல் காலை 5 வரை அந்தப் பாயின்ட்களை நிறுத்திவிடுவார்கள். எனவே படுக்கையை விரிப்பதற்கு முன்பே சார்ஜ் போட்டுவிடுங்கள்.

ஆக என் பையில் போவது 65 வாட் சார்ஜர், ஒரு மீட்டர் டைப்-சி கேபிள், ஒரு சாண் நீளக் குட்டைக் கேபிள், 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க், கடிகாரத்தின் காந்த வட்டு. கடிகாரங்கள் இன்னும் பொதுவழிக்கு வரவில்லை, ஆகவே அந்த வட்டுக்கு மாற்று இல்லை. கிளம்புவதற்கு முந்தின இரவு வீட்டிலேயே எல்லாவற்றையும் அந்த ஒரே சார்ஜரில் செருகிப் பாருங்கள். ஏதாவது ஒன்று ஏற மறுத்தால் அதற்கு மட்டும் டைப்-ஏ ஒயர் ஒன்றைச் சேர்த்துப் பையை மூடிவிடலாம்.