மொரிஷியஸ்: தவணையில் வந்த விடுதலை

1943 செப்டம்பர் 27. மொரிஷியஸின் வடபகுதியில் பெல் வூ ஹாரெல் கரும்புத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது போலீஸ் சுட்டது. நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அஞ்சலை குப்பன், கர்ப்பிணியான தமிழ்ப் பெண். இன்று அதே பெல் வூவில் இருக்கும் விளையாட்டரங்கத்துக்கு அவர் பெயர்தான்.

அந்த நாளில் அஞ்சலைக்கு ஓட்டு இல்லை. அவரோடு கரும்பு வெட்டியவர்களுக்கும் அநேகமாக இல்லை. 1810-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து தீவைப் பிடித்த பிரிட்டிஷார், 1834 முதல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக இறக்கினார்கள். போர்ட் லூயி துறைமுகத்தின் கல்படிகளில் ஏறியவர்கள் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர். 1885-ல் அரசியலமைப்பு ஒன்று வந்து, 1886-ல் சட்டசபைக்குத் தேர்தலும் வந்தது. ஆனால் ஓட்டுப் போடச் சொத்தோ நல்ல வருமானமோ இருக்க வேண்டும் என்றார்கள். மக்கள்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்காளராக இல்லை. சர்க்கரை ஆலை முதலாளிகளே சபையிலும் உட்கார்ந்தார்கள்.

பெல் வூ துப்பாக்கிச் சூடு நடந்து நான்கு வருடத்தில் அந்தக் கதவு திறந்தது. 1947-ன் புதிய அரசியலமைப்பு, சொத்து நிபந்தனையைத் தாண்டி, எளிய வாக்கியங்களை எழுதப் படிக்கத் தெரிந்த ஆண் பெண் எல்லோருக்கும் ஓட்டுரிமை கொடுத்தது. ஆங்கிலமோ பிரெஞ்சோதான் தெரிய வேண்டும் என்பதில்லை. தமிழ், இந்தி, தெலுங்கு, உருது என்று தீவில் புழங்கிய எந்த மொழியும் போதும்.

இந்த இடத்தில்தான் எனக்கு மொரிஷியஸ் மக்கள் மீது பெரும் மரியாதை வருகிறது. கிராமங்களில் ‘பைட்கா’ என்று அழைக்கப்பட்ட ஊர்க்கூடங்கள் இரவுப் பள்ளிகளாயின. பாஸ்தேவ் பிசுந்தயால் தொடங்கிய மக்கள் இயக்கத்தின் தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். பகலெல்லாம் கரும்பு வெட்டிவிட்டு வந்தவர்கள், விளக்கு வெளிச்சத்தில் எழுத்துக்கூட்டிப் படித்துத் தங்கள் பெயரை வாக்காளர் பட்டியலில் ஏற்றிக்கொண்டார்கள். சுமார் 12 ஆயிரமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 1948 தேர்தலில் 70 ஆயிரத்தைத் தொட்டது. சலுகையாகக் கிடைத்ததை உழைத்துச் சம்பாதித்த உரிமையாக அவர்கள் மாற்றிக்கொண்டார்கள்.

அதிகாரம் மட்டும் உடனே கைமாறிவிடவில்லை. கவர்னர் நியமித்த உறுப்பினர்கள் சபையில் தொடர்ந்து இருந்தார்கள். கடைசி வார்த்தையும் கவர்னருடையதாகவே இருந்தது. 1959-ல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. 1961-ல் தொழிற்கட்சித் தலைவர் சிவசாகர் ராம்கூலம் முதலமைச்சர், 1964-ல் பிரிமியர். 1967 ஆகஸ்ட் தேர்தலில் விடுதலை வேண்டும் என்ற அணி வென்றது. ஆனாலும் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் எதிரணிக்கு ஓட்டுப் போட்டிருந்தார்கள். இந்திய வம்சாவளியினர் ஆட்சியில் தங்கள் கதி என்ன ஆகும் என்ற பயம் ஆப்பிரிக்க வம்சாவளியினரான கிரியோல் மக்களில் பலருக்கு உண்மையாகவே இருந்தது. 1968 ஜனவரியில் போர்ட் லூயியில் கலவரம் வெடித்து, பிரிட்டிஷ் துருப்புகளை வரவழைக்க வேண்டியதாயிற்று. மார்ச் 12 அன்று ஷாம் தெ மார்ஸ் குதிரைப் பந்தயத் திடலில் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என நான்கு வண்ணக் கொடி ஏறியது.

கொடி மாறினாலும் ராணி மாறவில்லை. அடுத்த 24 வருடங்கள் எலிசபெத் ராணிதான் மொரிஷியஸின் அரசுத் தலைவர். நாணயத்தில் அவர் முகம் இருந்த இடத்தில் 1987-ல் ராம்கூலம் முகம் வந்தது. 1992 மார்ச் 12-ல் நாடு குடியரசானபோது, கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்த வீராசாமி ரிங்காடு முதல் ஜனாதிபதி ஆனார். அவரும் தமிழ் வம்சாவளியினர். லண்டன் பிரிவி கவுன்சில் இன்றும் மொரிஷியஸின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருக்கிறது.

இன்றைய மொரிஷியஸில் அரசு மக்களுக்கு எவ்வளவு கட்டுப்பட்டது என்பதைக் காட்ட ரூபாய் நோட்டே போதும். அதில் தொகை ஆங்கிலம், தமிழ், இந்தி என்ற வரிசையில் எழுதப்பட்டிருக்கும். 1998-ல் வந்த புதிய நோட்டுகளில் தமிழ் மூன்றாவது இடத்துக்குப் போனது. தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். மத்திய வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றுப் பழைய வரிசையிலேயே மறுபடி அச்சடித்தது. 55 வருடங்களுக்கு முன் கூலி கேட்டவர்களுக்குக் குண்டு கிடைத்த தீவு இது.

ஆனால் படிப்படியாக வந்த விடுதலைக்கு ஒரு விலையும் இருந்தது. எப்போது, எவ்வளவு என்பதைக் கொடுப்பவன் தீர்மானிக்கும்போது, எதைப் பிடித்துவைத்துக்கொள்வது என்பதையும் அவனே தீர்மானிக்கிறான். 1965-ல் லண்டனில் விடுதலைப் பேச்சு நடந்த நேரத்திலேயே, சாகோஸ் தீவுக்கூட்டத்தை மொரிஷியஸிலிருந்து பிரித்தெடுத்தது பிரிட்டன். ஈடாகக் கொடுத்தது 30 லட்சம் பவுண்டு. அதிலுள்ள டியாகோ கார்சியா தீவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைப்பதற்காக, 1973-க்குள் தீவுவாசிகள் அத்தனை பேரையும் வெளியேற்றினார்கள். தலைமுறைகளாகத் தென்னந்தோப்புகளில் உழைத்தவர்கள், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், போர்ட் லூயியின் சேரிகளில் வந்து விழுந்தார்கள். ஒரு நாடு விடுதலையாகும் நேரத்தில் இன்னொரு மக்கள் கூட்டம் வீடிழந்ததை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியாது.

அந்தப் பிரிப்பு சட்டப்படி செல்லாது, குடியேற்ற ஆதிக்கத்திலிருந்து மொரிஷியஸின் விடுவிப்பு முறையாக முடிக்கப்படவில்லை என்று சர்வதேச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் கருத்துச் சொன்னது. 2025 மே 22-ல் சாகோஸின் இறையாண்மையை மொரிஷியஸுக்குத் தரும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட்டது. பேச்சு நடந்த மேசையில் தங்களுக்கு இடம் தரவில்லை என்று சாகோஸ் மக்கள் பலர் வருந்தினார்கள். அவர்கள் வருத்தம் நியாயமானது. ஒப்பந்தப்படி மற்றத் தீவுகளில் மொரிஷியஸ் மக்களைக் குடியேற்றலாம். டியாகோ கார்சியாவில் முடியாது. அங்கே ராணுவத் தளம் 99 வருடங்களுக்குத் தொடரும்.