வீட்டு அடுப்பால் முடியாதது: ஒரு மதியச் சாப்பாட்டுக்கு இடம் தேடிய குறிப்புகள்

சாப்பாட்டில் நிஜமான ஆர்வம் உள்ள ஒரு பதின்வயதுப் பிள்ளையை விசேஷமாக ஒரு மதியச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போகணும். எங்கே போவது? சென்னையில் இதை யாரிடம் கேட்டாலும் அஞ்சு நிமிஷத்தில் இருபது பெயர் கிடைக்கும். எனக்கும் கிடைத்தது. அலுவலக நண்பர் ஒருத்தர் எக்ஸெல் ஷீட்டே அனுப்பினார். ஆனால் அந்தப் பட்டியல்களில் இருந்ததெல்லாம் மதிப்பெண்தான். எதுக்கு அந்த மதிப்பெண் என்பது இல்லை. ஏசி நல்லா இருந்ததுக்கும் 4.5, மீன் நல்லா இருந்ததுக்கும் 4.5.

இரண்டு வாரம் இதை நோண்டியதில் எனக்கு உபயோகமாகத் தெரிந்தது ஒரே ஒரு அளவுகோல்தான். வீட்டு அடுப்பால் எதைச் செய்யவே முடியாதோ, அதைச் செய்கிற கடையாகப் பார்க்கணும். முடிந்தால் அது நடப்பதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கணும். விலை, அலங்காரம், நட்சத்திரம் எல்லாம் அதுக்கு அப்புறம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், பிள்ளை அந்த மாதிரி. என் அக்கா மகள், வயது 15, பத்தாவது எழுதி முடித்திருக்கிறாள். நான் பழைய கோடைத் திறந்து பார்க்கிற மாதிரி அவள் இட்லியைப் பிட்டுப் பார்ப்பாள். ஒவ்வொரு கடைச் சாம்பாரையும் பற்றி நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள். இரும்புத் தவாவைக் கவிழ்த்துப் போட்டு நாண் சுட்டுப் பார்த்திருக்கிறாள். ஃப்ரைட் ரைஸ் நாலு தடவை செய்து நாலு தடவையும் குழைந்துபோனது. அவள் என்னிடம் கேட்டது இதுதான்: "மாமா, கடையில வர்ற அந்த மணம் ஏன் வீட்ல வர மாட்டேங்குது? அப்படி என்னதான் போடறாங்க?"

எல்லாரும் சொல்லும் பதில் அஜினோமோட்டோ. அது சுவைக்கு ஒரு காரணமாக இருக்கலாம், மணத்துக்குக் கிடையாது. எதைப் போடுகிறார்கள் என்பதை விட எவ்வளவு சூட்டில் போடுகிறார்கள் என்பதுதான் இங்கே விஷயம். கொஞ்சம் கணக்குப் போட்டால் புரிந்துவிடும்.

நம் வீட்டு கேஸ் அடுப்பில் ஒரு பர்னர் சுமாராக 2 கிலோவாட் சூடு தரும். இந்தியத் தர விதிப்படி வீட்டு அடுப்பின் திறன் குறைந்தது 68 சதவீதம் இருக்கணும். அதாவது பாத்திரத்துக்குள் போவது 1.3, 1.4 கிலோவாட். இப்போது சோறும் கோஸும் கேரட்டும் சேர்த்து வாணலியில் போடுகிறோம். அதிலிருந்து 100 கிராம் தண்ணீர் ஆவியாகணும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,260 கிலோஜூல் வேண்டும், 100 கிராமுக்கு 226. வீட்டு அடுப்பில் அதுக்குக் கிட்டத்தட்ட 3 நிமிஷம் ஆகும். அந்த மூணு நிமிஷமும் காய் தன் தண்ணீரிலேயே வேகுது. சைனீஸ் கடைகளில் விமான எஞ்சின் மாதிரி சத்தம் போடும் அந்தப் பெரிய பர்னர் 30 கிலோவாட் வரைக்கும், சிலது அதுக்கு மேலேயும் தரும். அதில் பெரும்பகுதி வீணாகப் போய், 9 கிலோவாட்தான் வாணலிக்குள் போகிறது என்று வைத்தாலும் 25 செகண்டில் வேலை முடிந்தது.

தண்ணீர் இருக்கிறவரைக்கும் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது. ஆனால் நாம் மயங்குகிற அந்த வறுபட்ட மணம் வேகமாக உருவாக 140 டிகிரிக்கு மேல் வேண்டும். சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தரும் இந்த வினையை 1912-ல் விவரித்தவர் லூயி கமில் மையார் என்ற பிரெஞ்சுக்காரர். தோசையின் முறுகல், காபிக்கொட்டையின் மணம், சுட்ட கறியின் மேல்தோல் எல்லாத்துக்கும் அதுதான் அடிப்படை. கான்டனீஸ் சமையலில் இந்த வாணலி மணத்துக்கு 'வோக் ஹேய்' என்று பெயர். வாணலியின் மூச்சு என்று அர்த்தம். எண்ணெய்த் துளிகள் தீயில் பட்டு எரிகிற வாசமும் அதில் கலந்திருக்கும்.

ஆக, அக்கா மகள் ஃப்ரைட் ரைஸ் குழைந்ததுக்கு அவள் கைப்பக்குவம் காரணம் இல்லை. அடுப்பு பத்தலை. வீட்டில் செய்யணும் என்றால் ஒரு ஆளுக்கு மட்டும், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வதக்கணும். அவ்வளவுதான் வழி.

தந்தூர் இன்னும் சுவாரசியம். களிமண் பானை, அடியில் கரி. உள்ளே 450 டிகிரியைத் தாண்டலாம். வீட்டு அவன் 250-லேயே நின்றுவிடும். ஆனால் வெறும் டிகிரி மட்டும் விஷயம் இல்லை. பொறியியலில் முதல் வருஷம் படித்த மூன்று வெப்பக் கடத்தல் முறைகளும் அந்த ஒரு பானைக்குள் ஒரே நேரத்தில் நடக்குது. சுவரிலிருந்து கதிர்வீச்சு, மேலே எழும் சூடான காற்று, சுவரில் ஒட்டிய நாணுக்கு நேரடிக் கடத்தல். கறியைக் குத்தின இரும்புக் கம்பி வேறு உள்பக்கமாகச் சூட்டைக் கொண்டுபோகும். கறியிலிருந்து சொட்டும் கொழுப்பு கரியில் விழுந்து புகையாக மேலே வந்து கறியிலேயே படியும். கவிழ்த்துப் போட்ட தவாவில் இதில் எது வரும்? ஒண்ணே ஒண்ணு வரும், அதுவும் அரைகுறையாக. நேப்பிள்ஸ் பாணி பீட்சாவுக்கு விறகு அவனும் இப்படித்தான்: ஒன்று, ஒன்றரை நிமிஷத்தில் வெந்துவிடும். வீட்டில் அதே மாவு பத்து நிமிஷம் கிடந்து காய்ந்து ரஸ்க் ஆகிவிடும்.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தால் பாதிப் பெயர் தானாகவே விழுந்துவிடும். மயிலாப்பூர் ராயர் மெஸ் எனக்கு உயிர், ஆனால் அது டிபன் இடம். அவளுக்குப் பழக்கமானதும் கூட. வாழையிலைச் சாப்பாடு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அவள் பாட்டி வீட்டில் அதைவிட நல்லா சாப்பிடுகிறாள் (எங்கம்மா என்பதால் சொல்லலை). காரைக்குடி பங்களாவில் முன்கூட்டியே சொல்லிவைத்துச் சாப்பிடும் செட்டிநாட்டு விருந்து பெரிய ஆசைதான். அதுக்காகச் சென்னையிலிருந்து 400 கிலோமீட்டர் போகணும். அது ஒரு சுற்றுலா, மதியச் சாப்பாடு இல்லை. ஆழ்வார்பேட்டையில் 'தக்‌ஷின்' உணவகம் இருந்த ஹோட்டலையே 2023 டிசம்பரில் மூடிட்டாங்க. பழைய பட்டியல்களில் இன்னும் அந்தப் பெயர் வருது.

கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவில் இருக்கும் 'அவர்தனா'வைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே யோசித்தேன். 2017-ல் தொடங்கியது. ஆசியாவின் சிறந்த 50 உணவகங்கள் பட்டியலில் 2024-லும் 2025-லும் இடம்பிடித்தது. தென்னிந்திய ருசிகளை எடுத்து, ரசம் உட்பட, வேறு வடிவத்தில் சின்னச் சின்ன அயிட்டமாக வரிசையாகக் கொடுப்பார்கள். ரசத்தை நல்லா தெரிந்தவர்களுக்குத்தான் அந்த விளையாட்டு முழுசாகப் புரியும், அவளுக்கும் புரியும். ஆனாலும் ஒதுக்கிவைத்தேன். அங்கே ரசிக்க வேண்டியது யோசனையை. அவள் இப்போது கேட்கும் கேள்வி அடுப்பைப் பற்றியது. பதினெட்டு வயசில் போகட்டும்.

அதே ஹோட்டலில் 'பெஷாவரி' இருக்கிறது. டெல்லி ஐடிசி மௌர்யாவில் 1970களின் கடைசியிலிருந்து நடக்கும் 'புகாரா'வின் வழியில் வந்தது. தந்தூர்கள் கண்ணாடிக்குப் பின்னால் நேராகத் தெரியும். ஸ்பூன், ஃபோர்க் வைக்க மாட்டார்கள், கையால்தான் சாப்பாடு, சட்டையில் படாமல் இருக்கக் கழுத்தில் ஒரு துணி கட்டிவிடுவார்கள். இது பதினைந்து வயசுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று பெரியவர்களுக்குத் தெரியாது. நட்சத்திர ஹோட்டல் என்றாலே எந்த ஃபோர்க்கை முதலில் எடுக்கணும் என்ற பயத்திலேயே பாதி ருசி போய்விடும். இங்கே அந்தப் பிரச்சினையே இல்லை. முழுக் கறுப்பு உளுந்தில் செய்யும் பருப்பு ராத்திரி முழுக்க மெல்லிய சூட்டில் கிடக்கும். வேகத்துக்கு தந்தூர், நிதானத்துக்கு பருப்பு, இரண்டும் ஒரே மேசையில் வரும். இதைத்தான் முடிவு செய்தேன்.

ஏன் மதியம்? உணவகத்துக்கு வாடகையும் சம்பளமும் நாள் முழுக்க ஒண்ணுதான். மதியம் காலியாகக் கிடக்கும் மேசையில் கொஞ்சம் குறைந்த விலைக்கு ஆள் உட்கார்ந்தாலும் லாபம். பாரிஸில் பெரிய பெயர் வாங்கிய உணவகங்கள்கூட மதியத்துக்கு மட்டும் குறைந்த விலையில் ஒரு மெனு வைப்பது இதனால்தான். நம் ஊரிலும் சில இடங்களில் வார நாள் மதியத்துக்கு அப்படி உண்டு, போனில் கேட்டால்தான் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமான காரணம் வேறு: வார நாள் மதியம் கூட்டம் குறைவு. சமையல்காரரிடம் இரண்டு கேள்வி கேட்க முடியும். சனிக்கிழமை ராத்திரி அவரிடம் போய் "கரி எவ்வளவு நேரம் எரியணும்?" என்று கேட்டால் பாவம் அவர் என்ன பண்ணுவார்.

பஃபே வேண்டாம் என்பதில் மட்டும் நான் பிடிவாதம். அத்தான் அதைத்தான் சொன்னார்: "அவ்வளவு காசு கொடுத்துட்டு நாலு அயிட்டம்தானா? அன்லிமிட்டெட் போனா நாப்பது சாப்பிடலாமே." நாப்பதும் மூடி போட்ட தட்டில், அடியில் வெந்நீரின் சூட்டில் உட்கார்ந்திருக்கும். கெட்டுப்போகாமல் இருக்க அந்தச் சூடு வேணும். ஆனால் அடுப்பிலிருந்து வந்த மொறுமொறுப்பு மூடிக்குள் இருக்கும் ஆவியில் பத்து நிமிஷத்தில் போய்விடும். நாண் என்றால் அதுகூடத் தாங்காது. எந்த விஷயத்துக்காகப் போகிறோமோ அதுவே பஃபேயில் காணாமல் போய்விடுகிறது.

அத்தானுடைய தயக்கம் காசு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். அடுத்த மாசம் பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்று முடிவு செய்யணும். அவருக்கு கம்ப்யூட்டர் சயன்ஸ். அவளுக்குச் சமையல் படிக்கணும். "நீ அவளை அங்கே கூட்டிட்டுப் போனா இன்னும் ஏத்திவிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். நான் சொன்னது ஒண்ணுதான். தேசிய அளவில் ஹோட்டல் நிர்வாகப் படிப்புக்கு நடக்கும் என்சிஎச்எம் ஜேஇஇ தேர்வை, பிளஸ் டூவில் ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் எந்த குரூப் மாணவரும் எழுதலாம். தரமணியில் இருக்கும் மத்திய அரசின் ஹோட்டல் மேலாண்மைக் கல்லூரிக்கும் அந்த வழிதான். எனவே இந்த வருஷம் குரூப்பை வைத்துச் சண்டை போட அவசியமே இல்லை, அவள் கம்ப்யூட்டர் சயன்ஸ் எடுத்தாலும் எந்தக் கதவும் மூடாது. இன்னொண்ணும் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சூட்டில் மணிக்கணக்காக நிற்கிற மனிதரை அவள் பார்க்கணும். ஆசை அதுக்கப்புறமும் இருக்கிறதா என்று அவளே தெரிந்துகொள்வாள். அத்தான் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் தேதி கேட்டார்.

பில் விஷயத்தில் எல்லாருக்கும் பயன்படும் இரண்டு தகவல். தனி உணவகத்தில் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஹோட்டலுக்குள் இருக்கும் உணவகம் என்றால் 18. பத்தாயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டால் 10,500-க்கும் 11,800-க்கும் உள்ள வித்தியாசம். மெனுவில் போட்டிருக்கும் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. சேவைக் கட்டணம் கட்டாயம் கிடையாது. கேட்காமல் பில்லில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் கொடுத்தது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பரிமாறுகிறவருக்கு டிப்ஸ் கையில் கொடுப்பது நம் இஷ்டம். நான் கொடுப்பேன்.

முன்பதிவு செய்யும்போது கடையின் பெருமையைக் கேட்கவேண்டாம், மேசையைக் கேளுங்கள். நான் கேட்டது: வியாழக்கிழமை 12.30, நாலு பேர், தந்தூர் தெரியும் பக்கம், சின்னப் பொண்ணு சமையல்காரரிடம் பேச ஆசைப்படுகிறாள், முடியுமா? ஆர்டரை ஒரே மூச்சில் கொடுக்கக்கூடாது. எல்லாம் சேர்ந்து வந்தால் பாதி ஆறிப்போகும். முதலில் ஒரே ஒரு கபாப், அது முடிந்ததும் பருப்பு, அப்புறம் நாண், ஒவ்வொண்ணாக, தந்தூரிலிருந்து நேராக. மேசைக்கே ஒண்ணு போதும் என்கிற அளவில் பெரிய நாண் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் கேட்கலாம் என்று அவளே திட்டம் போட்டிருக்கிறாள்.

நேற்று கேள்விப் பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பினாள். மொத்தம் 11. நாலாவது கேள்வி: "சுவர்ல ஒட்டின நாண் ஏன் உள்ளே விழுந்துடறதில்ல?" ஈரமாவு சூடான களிமண்ணில் பட்டதும் ஒட்டிக்கொள்ளும், வெந்து அடிப்பக்கம் காயக் காய பிடி தளரும், விழுவதற்குச் சற்று முன்னால் கம்பியால் கொக்கி போட்டு எடுக்கணும். அந்தச் சற்று முன்னால் எப்போது என்பது எனக்குச் சொல்லத் தெரியும் விஷயம் இல்லை. அதை அந்தச் சமையல்காரரிடம் கேள் என்று பதில் போட்டேன்.