கணவர் மறைக்கும் நோய்

மாம்பலம் வழியே செல்லும் மின்சார ரயிலில் ஏறுவோர் அச்சிறு விளம்பரச் சீட்டுகளைக் கண்டிருப்பர். இழந்த ஆண்மையை மீட்டுத் தருவதாக வாக்களித்து, ஒரு தொலைபேசி எண்ணையும் தாங்கி நிற்பவை அவை. இத்தகைய விளம்பரங்களை 1954-ஆம் ஆண்டிலேயே மத்திய அரசின் சட்டம் தடை செய்துவிட்டது; முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. ஆயினும் சீட்டுகள் குறைந்தபாடில்லை. குடும்ப மருத்துவரிடம் வாய் திறக்க நாணும் கணவர், முகமறியா வைத்தியரிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்குவதில்லை. இல்லறத்தைப் பற்றி எழுதும் நாம் இதை மட்டும் பேசாதிருப்பது முறையன்று.

விறைப்பு என்பது இரத்த ஓட்டத்தின் செயல். நரம்புகளின் தூண்டுதலால் குருதிக் குழாய்கள் தளர்ந்து விரிய, இரத்தம் பாய்ந்து நிறைகிறது. நரம்பு பழுதுற்றாலும், குழாய் அடைபட்டாலும், மனம் கலங்கினாலும் இது தடைப்படும். அவ்வுறுப்புக்குச் செல்லும் தமனிகள் 1 முதல் 2 மில்லிமீட்டர் அகலமே உடையவை. இதயத் தமனிகளோ 3 அல்லது 4 மில்லிமீட்டர். கொழுப்புப் படியும்போது சிறிய குழாயே முதலில் இடருறும் அல்லவா? ஆகவே பள்ளியறையில் தோன்றும் இக்குறை, நெஞ்சுவலிக்குச் சில ஆண்டுகள் முன்னரே வரும் எச்சரிக்கையாக இருக்கக்கூடும்.

நம் நகரத்தார்க்கு இது தொலைவான செய்தியன்று. கோபாலபுரத்து நீரிழிவு ஆராய்ச்சியாளர்கள் முன்னின்று நடத்தி 2023-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, நாட்டில் நீரிழிவுற்றோர் 10.1 கோடிப் பேர். தமிழகத்தில் வயது வந்தோரில் 14.4 விழுக்காட்டினர். நரம்பையும் குழாயையும் ஒருசேரக் கெடுப்பது இந்நோய். புகையும் மதுவும் அதற்குத் துணை நிற்கின்றன.

அதிகாலை உறக்கத்தில் விறைப்பு இயல்பாக உண்டாகிறதெனில், பெரும்பாலும் மனமே காரணம்: கடன், வேலைக் கவலை, மனச்சோர்வு, முந்திய தோல்வி தந்த அச்சம். அதுவும் இல்லையெனில் சர்க்கரை, கொழுப்பு, இரத்தக் கொதிப்பு ஆகியவற்றைச் சோதிப்பது அவசியம்.

சில்டெனாபில் மாத்திரை 1998 முதல் புழக்கத்தில் உள்ளது. பலருக்கு நற்பயன் தருகிறது. ஆனால் நெஞ்சுவலிக்கு நாவின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற மருந்தை உபயோகிப்பவர் இதைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் திடீரென வீழ்ந்து உயிருக்கே ஆபத்தாகும். மருந்துக்கடையில் இரகசியமாய் வாங்கி விழுங்குவோர்க்கு இதை யார் சொல்வார்? மூலிகை என்று விற்கப்படும் சிலவற்றிலும் இதே மருந்து கலந்திருந்ததைப் பல நாடுகளின் சோதனைகள் காட்டியுள்ளன.

மனைவியர்க்கும் ஒரு வார்த்தை. கணவர் விலகிப் படுப்பதைக் கண்டு, அன்பு குறைந்ததென்றோ வேறொருத்தி வந்தாளென்றோ முடிவு கட்டிவிட வேண்டாம். அவரோடு நீங்களும் மருத்துவரிடம் செல்லுங்கள். அவர் சொல்லத் தயங்குவதில் பாதியை நீங்கள் சொல்லிவிடலாம். இந்நோயால் திருமணமே செல்லாது போகுமோ என்று அஞ்சுவோரும் உளர். திருமணத்துக்கு முன்பே இருந்த, தீராத இயலாமையை மட்டுமே திருச்சபைச் சட்டத்தின் 1084-ஆம் விதி தடையெனக் கொள்கிறது. இடையில் வந்த நோயால் அருட்சாதனம் குலையாது.

மருத்துவரைக் காணும்போது, இப்போது உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சிலவும் இக்குறையை உண்டாக்கக்கூடும். அவற்றைத் தாமாக நிறுத்திவிடாமல், வேறொன்று தர இயலுமா என்று அவரிடமே கேளுங்கள்.